எட்டு கஜமும் பின்கொசுவமும்: எனக்கென்று ஒரு கில்ட் வாங்கட்டுமா?

ஒரு வாசகர், 11 பிப்ரவரி 2024

"ஆடுற பொண்ணுக்கு வாங்கிக் குடுத்தது சரி. உங்களுக்கு எதுக்குக்கா கில்ட்? அது ஆம்பிளைங்க உடை. பொம்பளைங்க போட்டா அதுக்குப் பேரு கட்டம் போட்ட பாவாடை. அறுநூறு பவுண்டைக் கொண்டுபோய் அதுல கொட்டாதீங்க."

அதே நாள் இரவு

எனக்கென்று ஒரு கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் மடிப்பு வைத்த கட்டக் கம்பளி உடை, வாங்கட்டுமா என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். அதற்கு வந்த பதில்தான் மேலே. தம்பி, நீங்கள் சொன்னதில் பாதியை நான்கு வருடமாக நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இன்னும் வாங்கவில்லை.

ஸ்காட்லாந்தில் ஸ்டெர்லிங்குக்கு வந்து பதிமூன்று வருடம் ஆகிறது. மகள் ஐந்து வயதில் ஹைலேண்ட் (ஸ்காட்லாந்தின் மலைநாடு) நடனத்தில் சேர்ந்தாள், இப்போது பதினான்கு. இதுவரை மூன்று கில்ட். மூன்றுமே பழையது. வளரும் பிள்ளைக்குப் புதிது தைத்துக் கட்டுப்படியாகாது. ஒரு பெண்ணுக்குப் பத்தாமல் போனதை அடுத்த பெண்ணின் அம்மா வாங்கிக்கொள்வார். மைதானத்து ஓரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வார் மாற்றித் தைத்திருக்கிறேன். பிரிந்த மடிப்பைக் கையால் ஒட்டியிருக்கிறேன். மழையில் நனைந்து வந்த கம்பளியை ஈரத்துணி போட்டு மடிப்பு மடிப்பாகத் தேய்த்திருக்கிறேன். கில்ட்டின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் இடுப்பில் மட்டும் ஒருநாளும் கட்டியதில்லை.

செப்டம்பரில் என்னோடு வேலை பார்ப்பவரின் மகனுக்குக் கல்யாணம். அதை ஒரு சாக்காகச் சொல்லலாம். உண்மைக் காரணம் அது இல்லை. எனக்கு ஆசை.

12 பிப்ரவரி

நேற்று ஆசை என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். "ஆம்பிளைங்க உடை" என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

பழைய பெரிய கில்ட் தைத்த உடையே இல்லை. நீளமான கம்பளித் துணியை இடுப்பில் மடித்து, பெல்ட் கட்டி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொள்வது. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் அதைப் பற்றிய எழுத்து கிடைக்கிறது. இன்று நாம் பார்க்கும், மடிப்பு தைத்த சின்ன கில்ட் பதினெட்டாம் நூற்றாண்டில் வந்தது. இன்வர்காரி பக்கம் இரும்பு உருக்க வந்த தாமஸ் ராலின்சன் என்ற லங்காஷயர்க்காரர்தான் மேல்பாதியை வெட்டிவிட்டுக் கீழ்ப்பாதியை மட்டும் தைக்கச் சொன்னார் என்று ஒரு பேச்சு உண்டு. ஸ்காட்லாந்துக்காரர்களிடம் அதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

1746-இல், அரசை எதிர்த்துக் கிளம்பிய ஹைலேண்ட் ஆட்கள் தோற்ற கலோடன் போர் முடிந்த கையோடு ஹைலேண்ட் உடையை எல்லோருக்கும் தடை செய்தார்கள். மீறினால் ஆறு மாதம் சிறை, இரண்டாம் முறை ஏழு வருடம் நாடு கடத்தல். 1782 வரை அந்தச் சட்டம் இருந்தது. அத்தனை வருடம் தடையில் கிடந்து திரும்பிய உடையை இன்னார்தான் உடுத்தலாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

15 பிப்ரவரி

திருத்தம். "எல்லோருக்கும் தடை" என்று எழுதியது தப்பு. ஒரு வாசகி சுட்டிக்காட்டினார், திரும்பப் படித்தேன். சட்டம் "ஆணோ பையனோ" என்றுதான் சொல்கிறது. அரசாங்கப் படையில் இருந்தவர்களுக்கு விலக்கு. பெண்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

ஆக என் வாதமே சாய்ந்துவிட்டது. தடை ஆண்களுக்கு, ஏனென்றால் உடை ஆண்களுடையது. தம்பி இந்த இடத்தில் சொல்வது சரி.

பெண்களுக்குத் தனியாக அரிசேட் என்று ஒன்று இருந்திருக்கிறது. மார்ட்டின் மார்ட்டின் என்ற எழுத்தாளர் 1703-இல் மேற்குத் தீவுகளைப் பற்றி எழுதியதில் அதை விவரிக்கிறார்: வெள்ளைக் கம்பளி, அதில் கறுப்பு, நீலம், சிவப்புக் கோடு, கழுத்திலிருந்து குதிகால் வரை தொங்கும், முழுக்க மடிப்பு, மார்புக்குக் கீழே பெல்ட், மார்பில் பெரிய கொக்கி. படிக்கும்போதே நம் ஆட்களுக்குப் புரியும், இது புடவையின் ஒன்றுவிட்ட தங்கை. சட்டம் அதைத் தொடவே இல்லை. தடைபட்டது பிழைத்துக்கொண்டது, தடை இல்லாத அரிசேட் தானாக மறைந்துவிட்டது. இரண்டு நாளாக இது மனசை அறுக்கிறது.

2 மார்ச்

நேற்று எடின்பரோ போய் வந்தேன்.

கோட்டையிலிருந்து இறங்கும் ராயல் மைல் முழுக்க முப்பது, நாற்பது பவுண்டுக்கு கில்ட் தொங்குகிறது. அக்ரிலிக். சுற்றுலா வந்தவர்கள் ஒருநாள் கட்டிப் படம் எடுத்துக்கொள்ள அது போதும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மடிப்பைத் தூக்கி விட்டால் அது கீழே விழாது, மிதக்கும். கம்பளி அப்படியே சொத்தென்று விழும்.

அப்புறம் ஒரு பெரிய கடை. பெயர் வேண்டாம். "கில்ட் பார்க்கணும்" என்றதும் அந்தப் பையன், "கணவருக்கா?" என்றான். எனக்கு என்றேன். மூலையில் குட்டைப் பாவாடைகள் தொங்கும் கம்பியைக் காட்டினான். இல்லை, அது, என்று ஆண்கள் பக்கம் கை நீட்டினேன். கொடுத்தான். மரியாதைக்குக் குறைவில்லை.

பதினாறு அவுன்ஸ் கம்பளி, எட்டு கஜம். கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். முன்னால் தட்டையான மடல், பின்னால் அத்தனை கொசுவம். திரும்பி முதுகுப் பக்கத்தைப் பார்த்தபோது கோவில்பட்டி ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது. ஆச்சி கடைசி வரை பின்கொசுவம்தான். சின்னாளப்பட்டிச் சுங்குடி, கொசுவத்தைப் பின்னால் விசிறி மாதிரி செருகி, வீட்டுக்கும் தொழுவத்துக்கும் நடப்பாள். நடக்க நடக்க அது இடமும் வலமும் ஆடும். நான் கல்லூரிக்குப் போன காலத்தில் அந்தக் கட்டு எனக்குப் பட்டிக்காடாகத் தெரிந்தது. இப்போது அதைக் கட்டத் தெரிந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை.

கட்டியது பிடித்தது. ஆனால் பொருந்தவில்லை. இடுப்பு சரியாக இருந்தால் புட்டத்தில் இறுக்கி மடிப்பு வாயைப் பிளக்கிறது. அங்கே தளர்த்தினால் இடுப்பில் கை விட்டுக்கொள்ளலாம். வாங்காமல் வந்துவிட்டேன்.

3 மார்ச்

கணக்கு போட்டேன். கஜத்துக்குப் பதினாறு அவுன்ஸ், எட்டு கஜம், 128 அவுன்ஸ். மூன்றரைக் கிலோவுக்கு மேல். அதை இடுப்பில் சுமந்து எப்படி ஆடுவது?

4 மார்ச்

ஈரோட்டில் தறி வைத்திருந்த ஒரு அண்ணன் பதில் போட்டிருக்கிறார்: "தங்கச்சி, துணி என்ன அகலம்னு பாத்தியா?" பார்க்கவில்லை. கில்ட் துணி இரட்டை அகலத்தில் வரும், சுமார் 56 அங்குலம். அவுன்ஸ் கணக்கு அந்த அகலத்துக்கு. நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, ஒட்டுப்போட்ட இடத்தை ஒரு மடிப்புக்குள் மறைத்துத் தைப்பார்கள். எட்டு கஜ கில்ட்டுக்கு நாலு கஜம் வாங்கினால் போதும். எடை ஒன்றே முக்கால் கிலோ சொச்சம்.

அண்ணன் இன்னொன்றும் கேட்டார், அடியில் மடித்துத் தைப்பார்களா என்று. இல்லை. நெய்த கரைதான் கில்ட்டின் கீழ் விளிம்பு, வேட்டிக் கரை மாதிரி. நீளம் தப்பாகப் போனால் அவிழ்த்துவிட அடியில் துணி இருக்காது. அளவு எடுப்பவர் கையில்தான் எல்லாம்.

20 மார்ச்

"எந்தக் குலத்துக் கட்டம் போடுவீங்க? நமக்கு ஏது குலம்?" இப்படி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

கில்ட்டின் கட்ட வடிவத்துக்கு டார்டன் என்று பெயர். ஒவ்வொரு ஸ்காட்லாந்துக் குலத்துக்கும் ஒரு டார்டன் என்பார்கள். ஆனால் இன்னாருக்கு இன்ன டார்டன் என்று சட்டம் எதுவும் இல்லை. பால்மோரல் டார்டன் மட்டும் அரச குடும்பத்துக்கு என்று விட்டுவைத்திருக்கிறார்கள். குலத்துக்கு ஒரு கட்டம் என்ற பழக்கமும் நினைப்பது போல ஆதிகாலத்தது இல்லை. 1815-இல் லண்டனில் இருந்த ஹைலேண்ட் சங்கம், குலத் தலைவர்களுக்கு எழுதி, உங்கள் டார்டன் எது, முத்திரை வைத்து மாதிரி அனுப்புங்கள் என்று கேட்டது. பல தலைவர்களுக்கே தெரியவில்லை. 1822-இல் நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது நாவலாசிரியர் வால்ட்டர் ஸ்காட் எல்லோரையும் டார்டனில் வரச் சொன்னார், கிராக்கி ஏறியது. நெய்து தள்ளியவர்கள் எங்கள் ஊருக்குப் பக்கத்து பானக்பர்ன் வில்சன் குடும்பத்தார். அவர்கள் ஏட்டில் பல கட்டங்களுக்கு முதலில் வெறும் எண்தான், பெயர் பின்னால் ஒட்டியது. அந்த ஆலைக் கட்டடத்தைத் தாண்டித்தான் நான் பேருந்தில் போகிறேன்.

இதைச் சொன்னதும் "அப்ப எல்லாம் டூப்பு" என்று கிளம்பாதீர்கள். பால்கிர்க்கில் ரோமானியக் காசுப் பானையின் வாயை அடைத்திருந்த கட்டத் துணி மூன்றாம் நூற்றாண்டு. போன வருடம் டண்டீ அருங்காட்சியகத்தில் க்ளென் ஆஃப்ரிக் சதுப்பில் கிடைத்த டார்டன் துண்டைப் பார்த்தேன். நானூறு, ஐந்நூறு வருடப் பழசு, சேற்று நிறம், அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். கட்டம் பழசு, பெயர் சூட்டியது புதுசு, அவ்வளவுதான்.

ஊர் பெயரிலும் டார்டன் உண்டு. சிங் என்ற பெயருக்கும் ஒன்று பதிந்திருக்கிறார்கள். நான் ஸ்கை தீவின் டார்டனை மனதில் வைத்திருக்கிறேன். ஹெதர் செடி பூத்த மலையின் கத்திரிப்பூ நிறம், அதில் பச்சை. ஆச்சியிடம் அதே நிறத்தில் ஒரு சுங்குடி உண்டு.

21 மார்ச்

மெட்ராஸ் செக்ஸ் என்ற நம் ஊர்க் கட்டத் துணி டார்டனைப் பார்த்து வந்ததா என்று கேட்டவருக்கு: ஸ்காட்லாந்துச் சிப்பாய்கள் சென்னையில் இறங்கியதால் வந்தது என்று இங்கே சொல்லிக்கொள்கிறார்கள். 1780-இல் ஒரு ஹைலேண்ட் படை வந்து இறங்கியது உண்மைதான். அதற்கு ரொம்ப முன்னாலேயே நம் கரையிலிருந்து கட்டத் துணி கப்பல் ஏறியாயிற்று. கட்டம் நெய்ய நம் நெசவாளருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

28 ஏப்ரல்

மனசு மாறிவிட்டது போலிருக்கிறது. கார் பழுதுக்கு ஐந்நூறு பவுண்டு போனது. இந்த நேரத்தில் எனக்கு கில்ட் எதற்கு?

வாடகைக்கு எடுக்கலாம். கல்யாணத்துக்கு இங்கே பாதிப் பேர் வாடகைதான். ஆனால் வாடகைக் கடையில் இருப்பதெல்லாம் ஆண்களுக்குத் தைத்தது. இடுப்புப் பிரச்சினை அப்படியே இருக்கும்.

இல்லையென்றால் பெண்களுக்கான கில்ட் பாவாடை. லேசான துணி, துணியும் குறைவு, விலை பாதி. என் சிநேகிதி கட்டிக்கொண்டு கேலி நடனத்துக்கு வந்தாள், அழகாகத்தான் இருந்தது. (கேலி என்றால் இங்கே ஊர்கூடி ஆடும் ஆட்டம். "கேலிக்குக் கைலியா கட்டிட்டுப் போறீங்க?" என்று என் தம்பி தொலைபேசியில் சிரித்துச் சிரித்து இருமிவிட்டான்.) சுற்றும்போது அந்தப் பாவாடை பறந்து விரிகிறது, நின்ற பிறகும் ஆடிக்கொண்டிருக்கிறது. கில்ட் அப்படி இல்லை. ஆள் நின்றதும் அரைச் சுற்று தள்ளிப்போய்த் திரும்பி வந்து சரியாக உட்காரும். எனக்கு வேண்டியது அது.

29 ஏப்ரல்

இரவெல்லாம் யோசித்தேன். மகளுக்கு மூன்று வாங்கியபோது ஒருமுறைகூட "எதற்கு" என்று கேட்கவில்லையே நான்.

19 மே

இது நீளமாகப் போகும்.

நடன வகுப்பு டீச்சர் ஒருவரைச் சொன்னார். எழுபதைத் தாண்டிய அம்மா. வீட்டு மாடியறையில் தைக்கிறார். படையணிகளுக்குத் தைத்த கை. தையல் இயந்திரம் இருக்கிறது, அது வார் தைக்க மட்டும். மற்றதெல்லாம் ஊசி.

முதல் கேள்வி, "யாருக்கு?" எனக்கு என்றேன். "நல்லது. பெண்ணுக்குத் தைப்பதுதான் கஷ்டம், அதனால் எனக்குப் பிடிக்கும்" என்றார். மூன்று மாதமாக இந்த இழையில் வாதாடுகிறேன், அவர் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அளவு: இடுப்பு என்றால் ஜீன்ஸ் நிற்கும் இடம் இல்லை, தொப்புளுக்கு மேல். 32. புட்டம் 43. பிறகு இடுப்புக்கும் புட்டத்துக்கும் நடுவில் உள்ள உயரம். பிறகு முட்டி போடச் சொன்னார். தரைக்கு எத்தனை அங்குலம் என்று நாடா பிடித்தார். மகளுக்கு எத்தனையோ தடவை நான் இப்படிப் பிடித்திருக்கிறேன். எனக்கு இன்னொருவர் பிடிப்பது முதல் தடவை.

எண்களைப் பார்த்துவிட்டு ஒரு காகிதத்தை மடித்துக் காட்டினார். ஆணுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் சில அங்குலம்தான் இருக்கும். எனக்குப் பதினொன்று. கில்ட் மடிப்புகள் மேலிருந்து புட்டம் வரை தைத்து அடக்கியவை, அதற்குக் கீழேதான் அவிழ்ந்து ஆடும். அந்தத் தைத்த பகுதியில் ஒவ்வொரு மடிப்பும் மேலே போகப் போகக் குறுக வேண்டும். கடையில் கட்டியது ஏன் வாயைப் பிளந்தது என்பது இப்போது புரிந்தது. அந்தக் கில்ட்டில் குற்றம் இல்லை, என் உடம்பிலும் இல்லை. எனக்காக யாரும் அதைக் குறுக்கவில்லை, அவ்வளவே.

அடுத்தது மடிப்பின் வகை. ஒன்று, பின்னால் மடித்த பிறகும் முழுக் கட்டமும் மாறாமல் தெரியும்படி அடுக்குவது. இன்னொன்று, எல்லா மடிப்பின் முதுகிலும் ஒரே கோடு வரும்படி அடுக்குவது. படையில் இந்த இரண்டாவதுதான் வழக்கம். "உனக்கு இவ்வளவு குறுக்கினால் கட்டம் மேலே நசுங்கும். கோடு என்றால் நசுங்காது, ஒன்றோடொன்று நெருங்கி வரும். பூ மொட்டு மாதிரி" என்றார். கோடு என்று முடிவாயிற்று.

எட்டு கஜம் வேண்டாம் என்றும் சொன்னார். அத்தனை துணியும் சின்ன இடுப்பில் வந்து குவியும், தடிக்கும். பதின்மூன்று அவுன்ஸ், ஆறு கஜம். கேட்டதும் சிரித்துவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. நாங்கள் பிறந்ததிலிருந்து ஆறு கஜத்தில்தான் வாழ்கிறோம் என்று புடவையைப் பற்றிச் சொன்னேன். எப்படிக் கொசுவம் எடுப்பீர்கள் என்று கேட்டார். கழுத்தில் கிடந்த சால்வையை எடுத்து விரலில் மடித்துக் காட்டினேன். நாலு மடிப்புக்குப் பிறகு வாங்கி அவரும் மடித்தார். அளவுநாடா இல்லாமல் ஒரே அகலத்தில் வருவதைப் பார்த்து, "நீ என்னிடம் வேலைக்கு வரலாம்" என்றார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

590 பவுண்டு. பாதி முன்பணம். கொடுத்துவிட்டேன்.

20 மே

வாங்க நினைக்கும் பெண்களுக்கு நேற்று சொல்லாமல் விட்டது: ஆயத்தமாகத் தொங்குவதை வாங்காதீர்கள். காசு சேரும் வரை காத்திருந்தாலும் பரவாயில்லை, உங்கள் அளவுக்குத் தைப்பவரிடம் போங்கள்.

4 ஆகஸ்ட்

நேற்று அபாய்ன் என்ற ஊரில் நடக்கும் ஹைலேண்ட் விளையாட்டு விழாவுக்குப் போனோம். மகள் ஆடினாள், பரிசு இல்லை, பரவாயில்லை.

இந்த இழையின் முதல் கேள்விக்கு அபாய்ன் ஒரு முக்கியமான இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜென்னி டக்ளஸ் என்ற இளம்பெண் ஹைலேண்ட் நடனப் போட்டியில் சேர்ந்தார். பெண்கள் சேரக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, அதனால் தடுக்க முடியவில்லை. இன்று ஆடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்தான். அவர்கள் ஆண்களின் கில்ட்டையும் மேற்சட்டையையும் போட்டு ஆடுவது 1950-களில் அபாய்ன் விழாக் குழுவினருக்குப் பிடிக்கவில்லை. பெண்களுக்கென்று தனி உடையை வகுத்தார்கள்: வெள்ளை ரவிக்கை, அதன்மேல் வெல்வெட் கச்சு, டார்டன் பாவாடை, தோளில் ஒரு துண்டு. அங்கே மட்டும் இன்றும் பெண்கள் அதில்தான் ஆட வேண்டும். மற்ற ஊர்களில் ஹைலேண்ட் ஆட்டங்களுக்கு கில்ட்.

மகளுக்கு அந்த உடையில் கோபம். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அந்தத் தோள் துண்டில் அரிசேட்டின் சாயல் இருக்கிறது. பிப்ரவரியில் மறைந்துபோனது என்று வருத்தப்பட்டேனே, அதன் ஒரு நுனி இங்கே கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனாலும், எது உன் உடை என்று ஆடுகிறவளைக் கேட்காமல் குழு தீர்மானித்தது தவறு. அதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை.

7 செப்டம்பர்

வந்துவிட்டது.

மடிப்புகளை அசையாமல் பிடிக்க வெள்ளை நூலில் ஓட்டுத் தையல் போட்டுத்தான் தந்தார். கட்டுகிற அன்று காலையில் பிரிக்கச் சொன்னார். மகள்தான் பிரித்தாள். வலப்பக்கம் இரண்டு வார், இடப்பக்கம் ஒன்று. முன்னால் குத்தும் அலங்கார ஊசியை வெளி மடலில் மட்டும் குத்த வேண்டும், இரண்டு மடலையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது இழுத்துக் கிழியும்.

எடை போட்டுப் பார்த்தேன், ஒன்றேகால் கிலோ. மூன்றரை என்று பயந்தது ஞாபகம் வந்தது.

22 செப்டம்பர்

கல்யாணம் நேற்று முடிந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் தாத்தா மட்டும் பின்னால் வந்து நின்று மடிப்பைப் பார்த்துவிட்டு, "கோட்டுக்கு மடித்திருக்கிறார்கள். யார் தைத்தது?" என்றார். அவ்வளவுதான் விசாரணை.

உட்காருவதற்கு முன் இரண்டு கையாலும் பின் மடிப்பைக் கீழ்நோக்கி நீவிவிட்டு உட்கார வேண்டும், இல்லையென்றால் நசுங்கிவிடும். யாரும் சொல்லித்தரவில்லை, கை தானாகச் செய்தது. இரவு வீடியோவில் அம்மாவுக்குக் கட்டிக் காட்டினேன். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்ததும், "இரு, எந்திரி, இன்னொரு தடவை உக்காரு" என்றாள். எழுந்து மறுபடி உட்கார்ந்தேன். "ஆச்சி இப்படித்தான் உக்காருவா" என்றாள்.

தம்பி, பாவாடை என்று சொன்னீர்களே, கோபம் இல்லை. ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன், கையில் பிடித்துப் பாருங்கள்.

6 அக்டோபர்

தோய்ப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கு: தண்ணீரில் போடக்கூடாது, சலவைக் கடையில் டிரை கிளீன்தான், அதுவும் எப்போதாவது. கறை பட்டால் அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றினால் போதும். மாட்டும்போது இடுப்புப் பட்டையை முழுதாகப் பிடிக்கும் கொக்கியில் மாட்டுங்கள்.

பெரிய எதிரி அந்துப்பூச்சி. இங்கே தேவதாரு மரக்கட்டையும் லாவெண்டர் பையும் வைக்கிறார்கள். வீட்டில் பட்டுப்புடவைக்கு அம்மா வசம்பைத் துணியில் முடிந்து வைப்பாள். கம்பளிக்கு அதை வைத்துப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கறை ஏறுமா?